கட்சிகளின் கண்ணை மறைக்கும் செய்திகள்

நோணாங்குப்பத்தில், கடலூர்ச் சாலையோரத் தேநீர்க் கடையொன்றில் நான்கு நாளேடுகளை எடுத்து அருகருகே விரித்துப் பாருங்கள். ஒரே பொதுக்கூட்டம், ஓர் ஏட்டுக்கு அங்கே மக்கள் கடல் தெரிகிறது, மற்றோர் ஏட்டுக்கு வெறும் நாற்காலிகள் தெரிகின்றன. இத்தகைய பாரபட்சத்தால் ஏமாறுபவன் வாசகன் என்று காலங்காலமாகச் சொல்லி வருகிறோம். அது பாதி உண்மையே. வாசகனைவிடப் பெரிதும் ஏமாறுவது, அந்த ஏட்டையும் திரையையும் தன் உடைமையாக்கிக்கொண்ட கட்சிதான் என்பதே மறுபாதி.

சார்பு கொள்வதே குற்றம் என்று நாம் வாதாட வரவில்லை. ஆங்கில அரசின் அடக்குமுறைக்குத் தப்பி, 1908இல் பாரதியாரின் ‘இந்தியா’ இதழ் அடைக்கலம் புகுந்தது இந்தப் புதுவை மண்ணில்தான். ஆங்கிலேயப் பகுதிக்குள் நுழையத் தடை விதிக்கப்பட்டதால் 1910இல் அது நின்றே போயிற்று. 1934இல் வ. சுப்பையா தொடங்கிய ‘சுதந்திரம்’ உழைப்பாளிகளின் பக்கம் நின்றது. 1936 ஜூலை 30 அன்று பிரெஞ்சு ஆட்சியின் துப்பாக்கிக்கு ஆலைத் தொழிலாளர் 12 பேர் பலியான ஊர் இது. அவ்வேடுகள் தம் சார்பை மறைக்கவில்லை. நெற்றியிலேயே எழுதிக்கொண்டு வந்தன. ஆள்வோரை எதிர்த்துச் சார்ந்தன. அதற்குரிய விலையையும் கொடுத்தன.

இன்றைய நோயோ வேறு. ஆள்வோரும் ஆள விழைவோரும் தமக்கெனத் திரைகளை நிறுவிக்கொண்டு, தம் புகழையே செய்தி என்று நம் இல்லங்களுக்குள் அனுப்புகிறார்கள். 1993இல் சன், 1999இல் ஜெயா, 2006இல் மக்கள், 2007இல் கலைஞர், 2010இல் கேப்டன் என்று, கட்சியோடோ கட்சித் தலைமையின் குடும்பத்தோடோ உறவுடைய தொலைக்காட்சிகள் வரிசையாக வந்தன. இவற்றால் அக்கட்சிகள் பெற்ற பயன் யாது?

2006இல் ஆட்சிக்கு வந்த தி.மு.க., ஒரு கோடிக்கும் மேற்பட்ட இல்லங்களுக்கு வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டியை இலவசமாக வழங்கிற்று. பெட்டியும் அவர்கள் தந்தது. அதில் ஓடிய படமும் அவர்களுக்கு வேண்டியவர்களுடையது. ஆயினும் 2011 தேர்தலில் அக்கட்சி வென்ற இடங்கள் 23. தே.மு.தி.க. 29 இடங்களை வென்றதால், எதிர்க்கட்சி என்னும் தகுதிகூடக் கைநழுவிற்று. மின்வெட்டினால் மக்கள் கொண்ட சினத்தைத் திரை காட்டியிருந்தால் தலைமை விழித்திருக்கும். காட்டவில்லை, மின்வெட்டு நேரத்தில் அந்தத் திரையே இருண்டு கிடந்தது!

செய்தி ஏடு குடும்பச் சொத்தானால் குடும்பப் பூசல் செய்தியாகும், செய்தி தீயாகும். 2007 மே 9 அன்று ‘தினகரன்’ நாளேடு, கலைஞரின் அரசியல் வாரிசு யார் என்ற கருத்துக்கணிப்பை வெளியிட்டது. அன்றே அதன் மதுரை அலுவலகம் தாக்கப்பட்டு எரிந்தது. பூசல் பெரியவர்களுக்குள்; மாண்டவர்களோ பாவம், ஊழியர் மூவர். தயாநிதி மாறன் மத்திய அமைச்சர் பதவியை விட்டு விலகினார். அவ்வாண்டு செப்டம்பரில் கலைஞர் தொலைக்காட்சி பிறந்தது. கட்சி கற்ற பாடம் நடுநிலை அன்று, இன்னொரு திரை!

மற்றவர்கள் மட்டும் தப்பினரா? அ.தி.மு.க. 2017இல் பிளந்தபோது, ஜெயா தொலைக்காட்சி சசிகலா குடும்பத்தாரிடமே தங்கிவிட்டது. ஆளுங்கட்சி 2018இல் புதிய நாளேடும் புதிய தொலைக்காட்சியும் தொடங்க நேர்ந்தது. 2021இல் ஆட்சியும் போயிற்று. சொந்தத் திரை வைத்திருந்த தே.மு.தி.க., 2016இல் ஓரிடமும் பெறவில்லை. புகழ்ச்சி மட்டுமே கேட்டுப் பழகிய காது, மக்களின் முணுமுணுப்பைக் கேட்கும் ஆற்றலை இழந்துவிடுகிறது.

அகில இந்திய அளவிலும் இதே கதைதான். 2023 செப்டம்பர் 14 அன்று ‘இந்தியா’ கூட்டணி, தொலைக்காட்சி நெறியாளர் 14 பேரின் நிகழ்ச்சிகளைப் புறக்கணிப்பதாக அறிவித்தது. அவர்களின் வெறுப்புப் பேச்சைக் கண்டித்தது நியாயமே. ஆனால், தன் வீட்டுத் திரையில் எதிர்க்கட்சியின் குரலுக்கு இடந்தராத கட்சி, அடுத்த வீட்டுத் திரையில் நீதி கேட்பது எங்ஙனம் பொருந்தும்?

நம் சமுதாயம் இப்பாரபட்சத்தின் சூட்டைத் தோலில் உணர்ந்தது. 2020இல் தப்லீக் ஜமாஅத்தைச் சேர்ந்தோர்மீது நோய் பரப்பிய பழியைச் சுமத்தித் திரைகள் இரவுபகலாக அலறின. அவ்வாண்டு ஆகஸ்ட் 21 அன்று பம்பாய் உயர்நீதிமன்றத்தின் அவுரங்காபாத் அமர்வு, வெளிநாட்டினர்மீது போடப்பட்ட வழக்குகளை ரத்து செய்து, அவர்கள் பலிகடா ஆக்கப்பட்டதையும் ஊடகங்களின் பிரசாரத்தையும் கண்டித்தது. பழியை உரக்கச் சொன்ன எத்தனை திரைகள் தீர்ப்பை அதே குரலில் சொல்லின? சொல்லாமல் விடுவதும் பொய்தான்.

புதுவை மக்களுக்கு இதில் இன்னுமொரு குறை உண்டு. 30 தொகுதிகள் கொண்ட தனிச் சட்டமன்றம் நமக்கு உண்டு; ஆனால் மாலைதோறும் நாம் காண்பது சென்னைத் தலைவர்களின் சண்டை. சுண்ணாம்பாற்றங்கரையில் வாழ்பவனுக்குப் போயஸ் தோட்டமும் கோபாலபுரமும் அத்துபடி. தன் தொகுதி உறுப்பினர் சட்டமன்றத்தில் என்ன பேசினார் என்பதோ தெரியாது. கேட்கப்படாத உறுப்பினர் கட்சி மாறினாலும் எவரும் வியப்பதில்லை.

செய்தி ஓர் அமானிதம். அதைத் தருவோர் தம் உடைமையாளர் யாரென்று ஒளிவின்றிச் சொல்லட்டும். தம் கட்சியின் குறையையும் முதற்பக்கத்தில் இடட்டும். நாமும் ஒன்று செய்யலாம். நம் இல்லத்தில் எந்தக் கட்சி ஏடு வந்தாலும், அதன் எதிரணி ஏட்டையும் பிள்ளைகளுக்குப் படிக்கக் கொடுப்போம். இரண்டையும் ஒத்துப் பார்க்கும் பிள்ளையை எந்தத் திரையாலும் எளிதில் விலைக்கு வாங்க இயலாது. அத்தகைய வாக்காளர் பெருகினால், கட்சிகளும் திரையை விட்டுத் தெருவைப் பார்க்கத் தொடங்கும்.