“படிக்காவிட்டால் மோட்டார் கடைதான்” என்று மிரட்டுவோருக்கு



சென்ற மாதம் எங்கள் பள்ளியில் பெற்றோர் ஆசிரியர் சந்திப்பு நடந்தது. ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவனின் தந்தை மகனோடு வந்து என் எதிரில் அமர்ந்தார். கணிதத்தில் மதிப்பெண் குறைவு. விழுக்காட்டுக் கணக்குகள் அனைத்தும் தவறு. அவர் தாளைப் புரட்டிப் பார்த்தார். மகனின் தலையில் இலேசாகத் தட்டி, “இப்படியே போனா மோட்டார் கடையிலதான் கெடக்கணும். நீங்களே சொல்லுங்க சார் இவன்கிட்ட” என்றார்.

முந்தின நாள்தான் என் வெஸ்பாவின் கிளட்ச் கேபிளை மாற்றியிருந்தேன். எவ்வளவு தேய்த்தும் நகக்கண்களில் கறுப்பு போகவில்லை. மேசைமேல் இருந்த என் விரல்களைப் பையன் பார்த்தான். பிறகு என் முகத்தைப் பார்த்தான். நான் ஒன்றும் சொல்லவில்லை. விரல்களை மதிப்பெண் பட்டியலின் கீழே மறைத்துக்கொண்டேன். ஆம், மறைத்துக்கொண்டேன்! அந்த வெட்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.

அந்தத் தந்தையை மட்டும் குறை கூற எனக்குத் தகுதி இல்லை. பயிற்சிக் கல்லூரியிலிருந்து வெளிவந்த முதல் சில ஆண்டுகளில் அதே வாக்கியத்தை வகுப்பில் நானும் சொல்லியிருக்கிறேன். நம் தமிழ்ப்பள்ளிகளில் அது ஏறக்குறைய ஒரு வாய்பாடு. படிக்காதவனுக்கு மோட்டார் கடை; படித்தவனுக்குக் குளிர்சாதன அறை. இவ்வாய்பாட்டை யார் எழுதினார்? எந்த ஆதாரத்தில் எழுதினார்?

என் வண்டியைப் பற்றிச் சற்றுச் சொல்ல வேண்டும். அது 1980களில் செய்யப்பட்ட வெஸ்பா பி.எக்ஸ். 150. வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஓய்வு பெற்ற ஒரு தோட்டக் கிராணியாரிடமிருந்து வாங்கினேன். இன்றும் மழையில்லா நாள்களில் அதில்தான் பள்ளிக்குச் செல்கிறேன். ‘ஆசிரியர் இப்படிப்பட்ட வண்டியில் வரலாமா?’ என்று சிலர் கேட்டதுண்டு. ‘விற்றால் நல்ல விலை போகுமே!’ என்று வேறு சிலர். வெஸ்பாவைக் கழுவி மெருகேற்றி, லாரியில் ஏற்றிக் கண்காட்சிக்குக் கொண்டுபோய், மீண்டும் லாரியிலேயே வீட்டுக்குக் கொண்டுவரும் பெரியவர்களும் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. ஓடாத வண்டி ஒன்றையும் கற்றுத் தராது.

ஓடும் வண்டி கற்றுத் தரும். மூன்று ஆண்டுகளுக்கு முன் என் வெஸ்பா வெண்புகை கக்கத் தொடங்கியது. டூ ஸ்ட்ரோக் வண்டி புகைவது இயல்புதான். பெட்ரோலோடு எண்ணெயும் சேர்ந்து எரிகிறதல்லவா? ஆனால் இது வேறு மாதிரி; அடர்த்தியாக, நின்று பேசுவது போன்ற புகை. பார்த்தவர் எல்லாம் “பிஸ்டன் ரிங் போச்சு” என்றனர். நானும் பணத்தை எடுத்துவைத்துவிட்டேன். பக்கத்து ஊரில் எழுபது வயதைக் கடந்த சீனர் ஒருவர் மோட்டார் கடை வைத்திருக்கிறார். அவர் புகையைப் பார்க்கவே இல்லை. “கியர் ஆயில் எவ்வளவு இருக்கிறது, அளந்து பார்த்தீர்களா சிக்கு?” என்று கேட்டார். அளந்தோம். அந்த வண்டியின் கியர்ப்பெட்டிக்கு 250 மில்லிலிட்டர் எண்ணெய் வேண்டும். பாதிகூட இல்லை. கீழே ஒழுகிய தடமும் இல்லை. அப்படியானால் எண்ணெய் எங்கே போயிற்று?

விடை இதுதான். வெஸ்பாவில் கிராங்க் சுழலும் அறையும் கியர்ப்பெட்டியும் அடுத்தடுத்து இருக்கின்றன. இரண்டுக்கும் நடுவே ஓர் ஆயில் சீல். அது தேய்ந்துவிட்டால் பிஸ்டன் மேலேறும்போது உண்டாகும் உறிஞ்சலில் கியர் ஆயில் உள்ளே இழுபட்டு எரிந்து வெண்புகையாக வெளியேறும். அதை மாற்ற இயந்திரத்தை இறக்கி இரண்டாகப் பிளக்க வேண்டும். மறுபக்கம், மேக்னட் பக்கத்திலுள்ள சீல் தேய்ந்தால் அறிகுறி நேர்மாறு. புகை மிகாது, வெளிக்காற்று உள்ளே புகுந்து கலவையில் பெட்ரோல் குறையும், திருகியை விட்ட பின்னும் இயந்திரம் அடங்காமல் அலறும், சூடேறிப் பிஸ்டன் இறுகும். ஓடும் வேகத்தில் பிஸ்டன் இறுகினால் பின்சக்கரம் பூட்டிக்கொள்ளும். பழைய வெஸ்பா ஓட்டுவோர் இடக்கையின் இரண்டு விரல்களை எப்போதும் கிளட்சின்மேல் வைத்திருப்பது இதனால்தான்.

இரண்டு சிறு ரப்பர் வளையங்கள். ஒன்றுக்கு ஓர் அறிகுறி, மற்றொன்றுக்கு வேறோர் அறிகுறி. அறிகுறியைக் கவனித்து, அளந்து, பொருந்தாத காரணங்களை ஒவ்வொன்றாக நீக்கி, எஞ்சியதைச் சோதித்துப் பார்க்கிறார் அந்த முதியவர். இதற்குப் பெயர் என்ன? நாம் ஆண்டுதோறும் ‘உயர்நிலைச் சிந்தனைத் திறன்’ என்று தலைப்பிட்டு, தங்கும் விடுதிகளில் கூடி, தேநீர்ப் பலகாரத்தோடு பயில்கிறோமே, அதுதானே இது? அக்கூட்டங்களுக்குப் ‘பட்டறை’ என்று பெயரிட மட்டும் நமக்குக் கூச்சமில்லை!

இந்த வண்டி பிறந்த கதையும் நம் வாய்பாட்டுக்கு எதிரானது. போரில் குண்டுவீச்சுக்கு இரையான, இத்தாலியின் பொந்தேதேரா நகரில் இருந்த விமானத் தொழிற்சாலை ஒன்றிலிருந்து 1946இல் வெஸ்பா வெளிவந்தது. வடிவமைத்தவர் கொர்ராதினோ தஸ்கானியோ என்னும் விமானப் பொறியாளர். 1930இலேயே ஹெலிகாப்டரைப் பறக்கவிட்டவர். அவருக்கு மோட்டார் சைக்கிள் பிடிக்காது. சங்கிலி எண்ணெய் உடையை அழுக்காக்குகிறது, டயர் ஓட்டையானால் சக்கரத்தைக் கழற்றுவது பெரும்பாடு என்பவை அவருடைய குறைகள். ஆகவே சங்கிலியை அறவே நீக்கினார். இயந்திரத்தைத் தகட்டால் மூடினார். விமானச் சக்கரத்தைப் போல ஒரு பக்கத்தில் மட்டும் சக்கரத்தைத் தாங்கவைத்தார். ஓட்டுபவர் உடை அழுக்காகக் கூடாது என்பதற்காக வரைபலகையில் இத்தனை அழுக்கைப் பற்றிச் சிந்தித்த மனிதர் படித்தவரா, மோட்டார் கடைக்காரரா?

இன்னொருவரும் உண்டு. பழைய டுகாட்டி மோட்டார் சைக்கிள்களை இன்றும் பலர் பூசை செய்யாத குறையாகக் காக்கிறார்கள் என்றால் அதற்குக் காரணம் ஃபாபியோ தாலியோனி. இயந்திரத்தின் வால்வை வில்சுருள் மூடட்டும் என்று விட்டுவிடாமல், திறப்பதற்கு ஒரு கேம், மூடுவதற்கு ஒரு கேம் என்று அமைத்து 1956இல் பந்தயக் களத்தில் இறக்கியவர். 1954இல் டுகாட்டியில் சேர்வதற்கு முன் இமோலா நகரின் தொழில்நுட்பப் பள்ளியில் அவர் ஆசிரியராக இருந்தார். நம்மைப் போல் ஓர் ஆசிரியர்!

இனி எதிர்வாதத்துக்கு வருகிறேன். ‘நம் பாட்டனும் பாட்டியும் பால்வாளி தூக்கிக் கை கறுத்தார்கள். அந்தக் கறுப்பிலிருந்து வெளியேறத்தானே பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புகிறோம்?’ இதை நான் மதிக்கிறேன். என் அம்மா பால்மரம் வெட்டியவர். விடியற்காலை நான்கரைக்கு அவர் தலைவிளக்கைக் கட்டிக்கொண்டு இறங்குவதைப் பார்த்து வளர்ந்தவன் நான். ஆனால் அம்மா வெறுத்தது அழுக்கை அன்று. தன் உழைப்பின்மேல் தனக்கு ஒரு சொல்லும் இல்லாத நிலையை. இரண்டையும் நாம் குழப்பிக்கொண்டோம்.

மற்றோர் அச்சமும் நியாயமானது. இந்நாட்டுச் சாலைகளில் மாண்டுபோவோரில் பாதிக்கு மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள். பன்னிரண்டு வயதுப் பிள்ளை தலைக்கவசமின்றிக் கம்பத்துச் சாலையில் மோட்டார் ஓட்டுவதைக் கண்டால் நான் நிறுத்தி இறக்கிவிடுவேன். பெற்றோர் கோபித்தாலும் சரி. பதினாறு வயதுக்கு முன் உரிமம் இல்லை, அவ்வளவுதான். ஆனால் கவனியுங்கள்: ஓட்டுவதற்கு மறுப்புச் சொல்லாத வீடுகளே பழுதுபார்ப்பதற்கு முகம் சுளிக்கின்றன. முறையாக இருந்தால் இது தலைகீழாக அல்லவா இருக்க வேண்டும்?

ஆசிரிய நண்பர்களே, நம் பங்கையும் பேசுவோம். முன்பு வாழ்வியல் திறன் என்றார்கள்; இப்போது வடிவமைப்பும் தொழில்நுட்பமும் என்கிறார்கள். பெயர் மாறியது, அப்பாடவேளையின் கதி மாறவில்லை. கணித மறுபயிற்சிக்கு வேண்டுமா? அதை எடு. ஒத்திகைக்கு வேண்டுமா? அதையே எடு. யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் நீக்கப்பட்டது. அத்தேர்வின் பெயரால் பறிக்கப்பட்ட பாடவேளைகளில் எத்தனை திரும்பி வந்தன? நானும் பறித்தவன்தான். மறுக்கவில்லை.

சந்திப்பு முடிந்த வாரத்தில், பள்ளி விட்டபின், அந்தப் பையன் வண்டி நிறுத்துமிடத்தில் என் வெஸ்பாவைச் சுற்றிச் சுற்றி வந்தான். என் வண்டியில் எண்ணெயைத் தனியாக ஊற்றும் கலம் இல்லை. பெட்ரோலில் 2 விழுக்காடு நாமே கலக்க வேண்டும். “5 லிட்டர் பெட்ரோல் போடப் போகிறேன். எவ்வளவு எண்ணெய்?” என்றேன். “பத்து மில்லி” என்றான். அளவுக்குவளையை எடுத்து அவன் கையில் கொடுத்தேன். பத்து மில்லிக் கோட்டைப் பார்த்தான். தாங்கியின் வாயைப் பார்த்தான். “பத்தாதே ஐயா” என்றான். ஒரு லிட்டருக்கு எவ்வளவு என்று தனக்குள்ளேயே முணுமுணுத்தான். கொஞ்ச நேரம் கழித்து, “நூறு” என்றான். அடுத்த தேர்வில் அவன் மதிப்பெண் பெரிதாக ஏறிவிடவில்லை. அப்படி ஏறியது என்று கதை சொல்ல எனக்கு விருப்பமில்லை. ஆனால், தன் விடை தவறு என்று எவரும் சொல்லாமலேயே அவன் கண்டுகொண்டதை நான் பார்த்தேன். தாளில் அது நிகழ்ந்ததே இல்லை.

அன்று மேசையில் சொல்லாமல் விட்டதை அவன் தந்தையிடம் பின்னர் நேரில் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு, “உங்களுக்கு அரசாங்கச் சம்பளம் சார். நீங்க கை அழுக்காக்கலாம், அது பொழுதுபோக்கு. என் மகன் ஆக்குனா அதுதான் அவன் பொழப்பு” என்றார்.

நான் அதுவரை படித்த எந்தக் கட்டுரையைவிடவும் கூர்மையான பதில் அது. முழு மறுமொழி என்னிடம் இல்லை. ஒன்று மட்டும் கேட்டேன்: “மகன் நாளைக்கு எந்த வேலைக்குப் போனாலும் சரி, இன்றைக்கு அவனுக்குக் கை வரும் ஒரே காரியத்தை ஏன் தண்டனை என்று சொல்லித் தருகிறீர்கள்?” அவர் பதில் சொல்லவில்லை. கோபமாகவும் போகவில்லை.

மேக்னட் பக்கத்துச் சீலை இந்த விடுமுறையில் மாற்ற வேண்டும். அந்தச் சீனர் கடைக்கு வாரிசு இல்லை. ஆண்டு இறுதியில் மூடப்போவதாகச் சொல்கிறார். அதற்குள் பாயிண்ட் இடைவெளி வைப்பதையும் அவரிடம் சரியாகக் கற்றுக்கொள்ள எண்ணம்.

வரும் திங்கட்கிழமை ஐந்தாம் ஆண்டுக்கு வடிவமைப்பும் தொழில்நுட்பமும் பாடவேளை இருக்கிறது. கணிதப் பயிற்றியைக் கொண்டுவர வேண்டாம் என்று மாணவர்களிடம் சொல்லிவிட்டேன்.