படம் எடுக்க முதல் பற்றரியைப் பாருங்கோ

முதலில் எங்கட குற்றத்தை ஒத்துக்கொள்கிறோம்.

போன வருஷம் எங்கட பச் ஆக்கள் சேர்ந்து ஒரு பழைய மொபிலிற்றி ஸ்கூட்டர் வாங்கினோம், எங்களோடு கலைப்பீடத்தில் படிக்கிற ஒரு தோழிக்காக. 2009 இல் அவளுக்கு ஆறு வயசு. இடுப்பில் ஷெல் துண்டுகளோடு வளர்ந்தவள். ஊன்றுகோல் பிடித்துக் கொஞ்சத் தூரம் நடப்பாள். ஆனால் கேற்றில இருந்து விரிவுரை மண்டபத்துக்கு வந்து சேர அரை மணித்தியாலம் வேணும். வந்து சேர்ந்த பிறகு நோவில் பாடம் கேட்க ஏலாது.

நாங்கள் காசு சேர்த்தோம். இணையத்தில் விளம்பரம் பார்த்தோம். விற்கிறவர் "லண்டனில இருந்து வந்தது தம்பி, புதுசு மாதிரி" என்றார். நம்பிவிட்டோம். அவளுக்குச் சொல்லவில்லை, ஏனென்றால் சப்ரைஸ். பலூன் கட்டினோம், படம் எடுத்தோம், போட்டோம். நல்ல லைக்ஸ் விழுந்தது.

மூன்றாம் நாள் மத்தியானம், நூலகத்துக்கு முன்னால் இருக்கிற சாய்வில் ஏறிக்கொண்டிருக்கும்போது வண்டி செத்துப்போய் நின்றது. எங்களில் ஒருவன் பின்னுக்கு இருந்த சின்ன லீவரை இழுத்தான். அதை இழுத்தால் வண்டியைக் கையால் தள்ளலாம் என்று எங்கேயோ பார்த்திருக்கிறான். அதை இழுத்தால் பிரேக்கும் விடுபடும் என்று அவனுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. அவளை இருத்தி வைத்தபடியே வண்டி பின்னால் உருண்டது. பூப்பாத்திக் கட்டில் இடித்து நின்றது. முழங்கையில் காயம், அவ்வளவுதான். கட்டு இல்லாவிட்டால் அது நேரே றோட்டுக்குத்தான் போயிருக்கும்.

அண்டைக்குப் பின்னேரம் அவள் கேட்டாள்: "நீங்கள் இதை எனக்கு வாங்கினீங்களோ, உங்கட படத்துக்கு வாங்கினீங்களோ?"

எங்களிடம் பதில் இருக்கவில்லை. ஆனால் இந்தக் கேள்வி எங்களோடு மட்டும் நிக்கக் கூடாது என்று நினைக்கிறோம். பிறந்தநாளுக்கும் நினைவுதினத்துக்கும் உதவி வழங்கி, பனர் பிடித்துப் படம் எடுக்கிற எல்லாரிடமும் இதைக் கேட்க வேணும். பெறுகிறவரின் முகம் படத்தில் இருக்கும். அவரிடம் "உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டிருப்பார்களா என்பது படத்தில் தெரியாது.

"சும்மா குடுக்கிறதிலயும் பிழை பிடிக்கிறதோ? ஒண்டும் இல்லாததுக்கு இது நல்லதுதானே?" என்று கேட்பீங்கள். நல்லதில்லை. ஓடாத ஸ்கூட்டர் ஒரு சின்ன வீட்டின் விறாந்தையை அடைத்துக்கொண்டு நிற்கும். பற்றரி மாற்றுகிற செலவு அந்த வீட்டின் தலையில் விழும். அடுத்த முறை உதவி கேட்டால் "உங்களுக்குத்தான் ஏற்கெனவே தந்தாச்சே" என்று பெயரை வெட்டுவார்கள். பிரேக் பிடிக்காத ஸ்கூட்டர் என்றால், ஒன்றும் இல்லாததைவிட அது மோசம்.

நாங்கள் பழசுக்கு எதிரில்லை. 2022 இல் ரூபாய் விழுந்த விழுகைக்குப் பிறகு புது ஸ்கூட்டர் எங்கட ஆக்களில் அனேகம் பேருக்குக் கனவு. பழசுதான் வாங்க ஏலும், பழசைத்தான் வாங்க வேணும். ஆனால் ஒரு பழைய மோட்டர்சைக்கிள் வாங்கப் போனால் நாங்கள் என்ன செய்வோம்? தெரிஞ்ச கராஜ் அண்ணையைக் கூட்டிக்கொண்டு போவோம், ஓடிப் பார்ப்போம், எஞ்சின் சத்தம் கேட்போம், பேரம் பேசுவோம். நடக்க ஏலாத ஒருவருக்கு வாகனம் வாங்கும்போது மட்டும் இதெல்லாம் ஏன் மறந்துபோகுது? அது எங்கட கண்ணில் வாகனமாகத் தெரியவில்லை, தானமாகத் தெரிகிறது. அதனால்தான்.

நாங்கள் பட்டுப் படித்ததை இங்கே எழுதுகிறோம்.

முதல் கேள்வி வண்டியைப் பற்றியதில்லை, ஆளைப் பற்றியது. மொபிலிற்றி ஸ்கூட்டர் எல்லாருக்கும் பொருந்தாது. சாயாமல் இருக்க முதுகில் பலம் வேணும். ஹாண்டிலைத் திருப்பவும் லீவரை அமத்தவும் கையில் பலம் வேணும். கதிரையில் ஏறி இறங்க ரெண்டு அடியாவது எடுத்து வைக்கத் தெம்பு வேணும். இது இல்லாதவருக்கு நல்ல சக்கர நாற்காலிதான் தேவை. ஆகவே ஓட்டப் போகிறவர் வந்து இருந்து, ஏறி, இறங்கி, திருப்பிப் பார்க்காமல் காசு கைமாறக் கூடாது. சப்ரைஸ் வேண்டாம். வண்டி தாங்கக்கூடிய நிறை அதன் தகட்டில் இருக்கும், அதையும் பாருங்கோ.

அடுத்தது பற்றரி. அனேகமான ஸ்கூட்டர்களில் 12 வோல்ற் பற்றரி ரெண்டு தொடராக இணைத்து 24 வோல்ற்றில் ஓடும். பழைய வண்டிகளில் பெரும்பாலும் மூடி முத்திரையிட்ட ஈய அமில வகைதான். இந்த வகைக்கு ஒரு குணம் இருக்கு: பாவிக்காமல் வைத்தாலும் மெல்ல மெல்ல இறங்கும், இறங்கின நிலையிலேயே கிடந்தால் உள்ளே தகடுகளில் சல்பேற் படிந்து திரும்ப எழும்பாது. லண்டனில் யாரோ ஒருவரின் கராஜில் கிடந்து, கப்பலில் கிடந்து, இங்கே களஞ்சியத்தில் கிடந்து வருகிற பற்றரியின் கதி என்னவாக இருக்கும் என்று யோசியுங்கோ. "புதுசு மாதிரி" என்பது பெயின்றுக்குப் பொருந்தும், பற்றரிக்குப் பொருந்தாது.

முழுச் சார்ஜில் ரெண்டு பற்றரியும் சேர்ந்து 25 வோல்ற்றுக்கு மேலே காட்ட வேணும். ஆனால் நிற்கிற வண்டியில் மீற்றரைப் பார்த்து ஏமாறாதீங்கோ. ஆள் ஏறி, ஒரு ஏத்தத்தில ஓடினால்தான் உண்மை தெரியும். முள்ளு சடாரென்று சிவப்புக்கு விழுந்தால் பற்றரி முடிஞ்சுது. அப்ப புதுப் பற்றரி ரெண்டின் விலையைக் கழித்துப் பேரம் பேசுங்கோ. மாற்றும்போது ரெண்டையும் ஒன்றாக மாற்ற வேணும். ஒன்று பழசு ஒன்று புதுசு என்றால் பழசு புதுசையும் கெடுக்கும். மலிவு என்று ஓட்டோ பற்றரி போடச் சொல்லுவினம். போடாதீங்கோ. அது எஞ்சினை ஸ்ராட் பண்ணச் செய்த பற்றரி. ஆழமாக இறங்கி ஏறுகிற வேலைக்கு நிண்டுபிடிக்காது. திறந்த அமில வகை என்றால் வண்டி சரிந்தால் அமிலம் வெளியே வரும்.

சார்ஜரைத் திருப்பி அதில் எழுதியிருப்பதை வாசியுங்கோ. பிரித்தானியாவிலும் எங்களைப் போல 230 வோல்ற் மின்சாரம். கனடாவில் 120. ரொறன்ரோவில இருந்து வந்த சார்ஜரில் 100–240 என்று இல்லாமல் 120 மட்டும் இருந்தால், இங்கே பிளக்கைப் போட்ட உடனே கருகும். ஈய அமிலப் பற்றரிக்கான சார்ஜரை லித்தியம் பற்றரிக்குக் கொழுவுவது அதைவிட ஆபத்து.

பிறகு பிரேக். இந்த வண்டிகளில் லீவரை விட்டால் தானாக வேகம் குறைந்து, நின்றதும் மோட்டரில் இருக்கிற காந்தப் பிரேக் பிடிக்க வேணும். சின்னச் சாய்வில் ஏற்றி நிப்பாட்டி லீவரை விடுங்கோ. ஒரு சாண் உருண்டாலும் வாங்காதீங்கோ. நாங்கள் இழுத்த அந்தப் பின் லீவர் இருக்கே, அது இந்தப் பிரேக்கைக் கழற்றிவிடுகிறது. ஆள் இருக்கும்போது அதைத் தொடக் கூடாது. சாய்வில் ஒருபோதும் தொடக் கூடாது. இந்த ஒரு வரியை விற்றவர் எங்களுக்குச் சொல்லியிருந்தால் அவளின் முழங்கையில் தழும்பு இருந்திராது. கேட்டிருக்க வேண்டியது நாங்களும்தான்.

கடைசியாக ரயரில் வெடிப்பு இருக்கோ, கதிரை திரும்பினால் பூட்டு விழுகுதோ, ஹாண்டில் ஆடுதோ, வயர்களை எலி கடிச்சிருக்கோ என்று பாருங்கோ. உதிரிப் பாகம் இங்கே கிடைக்குமோ என்று வாங்க முதலே விசாரியுங்கோ.

ஓட்டுகிறவருக்கும் சில விசயம். ஏற முதலும் இறங்க முதலும் திறப்பை நிப்பாட்டுங்கோ. சட்டைக் கை லீவரில் பட்டாலே வண்டி பாயும். மூன்று சில்லு வண்டி ஒடுங்கின இடத்தில் சுகமாகத் திரும்பும், ஆனால் வேகமாகத் திருப்பினால் கவிழும். ஏத்தத்தையும் இறக்கத்தையும் நேராகக் கடவுங்கோ, குறுக்கால போகாதீங்கோ. ரெயில் கடவையில் தண்டவாளத்தை நேர்குறுக்காக வெட்டுங்கோ. சரிவாகப் போனால் சின்னச் சில்லு இடுக்குக்குள் இறுகிவிடும். புத்தகப் பையை முதுகுப் பக்கம் கொழுவி நிறையைப் பின்னுக்குத் தள்ளாதீங்கோ. நீங்கள் இருக்கிற உயரம் பஸ் சாரதியின் கண்ணுக்கு எட்டாது, ஒரு உயரமான கம்பும் கொடியும் கட்டுங்கோ. மழை வந்தால் ஒதுங்குங்கோ. பாவித்த நாளெல்லாம் இரவில் சார்ஜ் போடுங்கோ, லீவில் வீட்டில் நின்றாலும் அப்பப்ப போடுங்கோ.

இவ்வளவும் சரியாகச் செய்தாலும் ஒரு விசயம் மிஞ்சுது. பிரித்தானியாவில் இந்த வண்டிகளில் ஒரு வகைக்கு உச்ச வேகம் மணிக்கு 4 மைல். அது அந்த நாட்டு நடைபாதையில் ஓடச் செய்தது. எங்கட ஊரில் அந்த நடைபாதை எங்கே? ஒழுங்கையில் மணல், றோட்டுக் கரையில் மூடி இல்லாத வாய்க்கால், இருக்கிற நடைபாதையில் கடைச் சாமானும் மோட்டர்சைக்கிளும். நடக்கிற வேகத்துக்குச் செய்த வண்டியைப் பஸ்சுக்கும் டிப்பருக்கும் நடுவில் விட்டுவிட்டு "கவனமா ஓடுங்கோ" என்று சொல்லுவது என்ன நியாயம்?

இதற்குச் சட்டம் இல்லாமல் இல்லை. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் 28 ஆம் இலக்கச் சட்டம் 1996 இல் வந்தது. பொது இடங்களுக்குப் போய்வருவதற்கான ஒழுங்குவிதிகள் 2006 இல் வந்தன. 2011 இல், சக்கர நாற்காலியில் வாழ்ந்த அஜித் சி. எஸ். பெரேரா தொடுத்த அடிப்படை உரிமை வழக்கில், புதுப் பொதுக் கட்டடங்கள் இந்த விதிகளை மீறக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் கட்டளையிட்டது. 2016 இல் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயத்தை இலங்கை ஏற்று உறுதிப்படுத்தியது. எங்களில் பல பேர் பிறக்க முதலே வந்த சட்டம் இது. எங்கட விரிவுரை மண்டப வாசலில் இன்றைக்கும் மூன்று படி இருக்குது.

இந்தப் படிகளுக்கு அரசாங்கத்தை மட்டும் ஏசிவிட்டுப் போகவும் எங்களுக்கு மனமில்லை. பச் பார்ட்டிக்கு, ரீசேர்ட்டுக்கு, கலைவிழா மேடைக்குக் காசு சேர்க்கிற நாங்கள், அந்தப் படிகளை நாலு வருஷமாக ஏறி இறங்குகிறோம். அவள் வரும்வரைக்கும் எங்கட கண்ணில் அது படவேயில்லை. அதுவும் எங்கட குற்றக் கணக்கில்தான் சேரும்.

அந்த ஸ்கூட்டர் இப்ப ஓடுது. திரும்பவும் காசு சேர்த்தோம். இந்த முறை அவள்தான் கராஜுக்கு வந்து நின்று, ரெண்டு பற்றரியையும் தானே தெரிந்து, அதே நூலகச் சாய்வில் ஏற்றி நிப்பாட்டிப் பார்த்தாள். உருளவில்லை. நாங்கள் பின்னால் கைகட்டி நின்றோம். படம் எடுக்கவில்லை. கேற்றில இருந்து மண்டபத்துக்கு வர இப்ப அவளுக்கு ஏழு எட்டு நிமிஷம் போதும். வந்து, மூன்று படிக்குக் கீழே வண்டியை நிப்பாட்டிவிட்டு, ஊன்றுகோலை எடுக்கிறாள்.

பாதுகாப்பான சாய்வுப்பாதைக்குப் பொதுவாகச் சொல்லப்படுகிற அளவு 1 க்கு 12. அதாவது 15 சென்ரிமீற்றர் உயரப் படி ஒன்றைக் கடக்க 180 சென்ரிமீற்றர் நீளம் வேணும். எங்கட மூன்று படியையும் அளந்து, வரைபடம் கீறி, கடிதம் குடுத்திருக்கிறோம். பதில் வரவில்லை, திரும்பக் குடுப்போம். இதை வாசிக்கிற நீங்கள் எந்தக் கம்பஸ், எந்தப் பள்ளிக்கூடம், எந்த வாசிகசாலை என்றாலும், நாளைக்குப் போகும்போது ஒரு அளவுநாடாவைக் கொண்டு போங்கோ. உங்கட வாசலில் எத்தனை படி, எவ்வளவு உயரம் என்று அளந்து எழுதி அனுப்புங்கோ. எல்லாவற்றையும் சேர்த்து ஒரே கடிதமாகக் குடுப்போம்.