முதல் தேதி வருகிறது!

முதல் தேதி என்றால் ஒரு காலத்தில் தொழிலாளிக்குத் திருநாள். சம்பளத்தோடு வீடு திரும்பும் நாள். பிள்ளைக்கு மிட்டாய்ப் பொட்டலம், மனைவிக்கு முழம் பூ, மளிகைக் கடைப் பாக்கியில் பாதி என்று கொடுத்து, அந்த ஒரு மாலைப் பொழுதாவது அவன் தன் வீட்டில் அரசனாக இருந்தான். அறுபதைக் கடந்த பிறகு அதே முதல் தேதி அவனுக்கு அச்சம் தரும் நாளாகிவிடுகிறது. ஏன்? வீட்டுக்காரர் வாசலில் வந்து நிற்கிறார். "என்ன பெரியவரே, வாடகை?" என்கிறார். பெரியவர் தலை குனிகிறார். நாற்பது ஆண்டுகள் இயந்திரத்தின் முன்னே நிமிர்ந்து நின்ற தலை, நாலாயிரம் ரூபாய் வாடகைக்கு முன்னே குனிகிறது!

தோழர்களே! இந்தத் தலைகுனிவு அந்தப் பெரியவருக்கு மட்டும் உரியதா? அவர் உழைப்பில் வளர்ந்த நகரத்துக்கு உரியதல்லவா? அவர் வரிப் பணத்தில் நடந்த சர்க்காருக்கு உரியதல்லவா?

கணக்குப் பார்ப்போம். கணக்கு ஒன்றும் பெரிய கணக்கல்ல. நம் நாட்டில் முதியோர் உதவித் தொகை 1962-ல் மாதம் 20 ரூபாயில் தொடங்கியது. படிப்படியாக ஏறி, 2011-ல் 1,000 ஆயிற்று. 2023-ல் 1,200 ஆயிற்று. மாநில அரசு ஏற்றியது இது. டில்லி சர்க்கார் தன் திட்டத்தில் சேர்ந்த முதியவருக்குத் தரும் பங்கு என்ன தெரியுமா? 80 வயதுக்குக் கீழே இருந்தால் 200 ரூபாய்! ஏறத்தாழ இருபது ஆண்டுகளாக அதே 200. அரிசி விலை ஏறியது, மருந்து விலை ஏறியது, பஸ் கட்டணம் ஏறியது. டில்லியின் மனம் மட்டும் இரங்கவில்லை.

ஆலையிலும் பட்டறையிலும் வேலை பார்த்து வைப்பு நிதி கட்டியவர் கதை என்ன? 1995-ல் வந்த தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்தில் குறைந்தபட்ச ஓய்வூதியம் மாதம் 1,000 ரூபாய் என்று 2014 செப்டம்பரில் நிர்ணயித்தார்கள். ஆயிரம் ரூபாய்! இது வைப்பு நிதி இருந்தவர்களின் நிலை. சித்தாள் வேலை செய்த அம்மாவுக்கும், மூட்டை தூக்கிய அண்ணனுக்கும், வீட்டு வேலைக்குப் போன அக்காவுக்கும் அந்த ஆயிரமும் இல்லை.

இனி வாடகையைப் பாருங்கள். சென்னையில் வியாசர்பாடியிலும் புளியந்தோப்பிலும் பத்துக்குப் பத்து அறை. காற்று வர ஜன்னல் இல்லை. தண்ணீருக்குப் பொதுக் குழாய். காலைக் கடனுக்கு வரிசை. அதற்கே மூவாயிரம், நாலாயிரம் கேட்கிறார்கள். உள்ளே நுழையும் முன் பல மாத வாடகையை அட்வான்ஸாக எண்ணி வைக்க வேண்டும். 1,200 ரூபாய் வாங்குகிறவர் 4,000 ரூபாய் வாடகை எப்படிக் கொடுப்பார்? எந்தப் பொருளாதார மேதையாவது வந்து விடை சொல்லட்டும்!

விடை நமக்குத் தெரியும். எழுபது வயதில் இரவுக் காவலுக்குப் போகிறார். அவர் மனைவி இடுப்பு வலியோடு இரண்டு வீட்டில் பாத்திரம் தேய்க்கிறார். சர்க்கரை மாத்திரையைத் தினமும் சாப்பிடாமல் ஒரு நாள் விட்டு ஒரு நாள் சாப்பிடுகிறார்கள். வாடகை கட்டிவிடுகிறார்கள், ஐயா! வயிற்றைக் கட்டி வாடகையைக் கட்டுகிறார்கள்!

கட்ட முடியாத மாதம் வந்தால்? பாத்திரம் பண்டம் வீதிக்கு வரும். அதோடு முடிந்ததா? வீடு போனால் முகவரி போகும். முகவரி போனால் குடும்ப அட்டைக்குத் தொல்லை, வாக்காளர் பட்டியலில் பெயருக்குத் தொல்லை, உதவித் தொகைக்கும் தொல்லை. கூரை போன மனிதனுக்குச் சோறும் போகிறது, ஓட்டும் போகிறது. அந்த அறை நான்கு சுவர் மட்டுமல்ல, அந்தக் கிழவர் இந்த நாட்டுக் குடிமகன் என்பதற்கான அத்தாட்சியும் அதுதான்.

ஆகவே நாம் கேட்கிறோம்: ஏழை முதியவரின் குடிக்கூலியில் ஒரு பங்கைச் சர்க்கார் ஏற்க வேண்டும். உதவித் தொகை வயிற்றுக்கு. வாடகை உதவி கூரைக்கு. ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறுக்கக் கூடாது.

இதைக் கேட்டதும் சிலர் முகம் சுளிப்பார்கள். "வாடகைக்குக்கூடவா சர்க்கார் பணம்?" என்பார்கள். அவர்களிடம் நாம் பணிவோடு கேட்போம்: சர்க்கார் இதற்கு முன் யாருக்கும் வாடகை கொடுத்ததே இல்லையா?

அரசு ஊழியருக்கு வீட்டு வாடகைப் படி உண்டு. அது அவர்கள் போராடிப் பெற்ற உரிமை. அதில் ஒரு காசு குறைக்கச் சொல்லவில்லை. சம்பளக்காரர் பெறும் வாடகைப் படிக்கு வருமான வரியில் சலுகை உண்டு. கடன் வாங்கி வீடு கட்டிக் குடியிருப்பவருக்கு, பழைய வரி முறையில், ஆண்டுக்கு 2 லட்சம் ரூபாய் வட்டி வரை கழிவு உண்டு. சம்பளம் உள்ளவனுக்கும் சொந்த வீடு உள்ளவனுக்கும் கருவூலம் கை கொடுக்கிறது. இரண்டும் இல்லாத கிழவனைக் கண்டால் மட்டும் கருவூலத்துக்குக் கஞ்சத்தனம் வந்துவிடுகிறதா?

இன்னும் கேளுங்கள். பழைய வாரியக் குடியிருப்புகளை இடித்துப் புதிதாகக் கட்டும்போது, குடும்பங்கள் வெளியே தங்குவதற்கு 8,000 ரூபாய் கொடுத்து வந்த தமிழ்நாடு, அதை 24,000 ஆக உயர்த்தியது. 2024 ஜூலை 30-ல் வயநாட்டில் மலை சரிந்தது. வீடிழந்தோர் வாடகை வீட்டில் இருக்க, மாதம் 6,000 ரூபாய் தருவதாகக் கேரள அரசு அறிவித்தது. நல்ல செயல், மனமாரப் பாராட்டுகிறோம். இதிலிருந்து தெரிவது என்ன? வாடகைக்கு உதவுவது எப்படி என்பது சர்க்காருக்குத் தெரியும். மலை சரிந்தால் உதவ வேண்டும் என்று தெரிகிறது. மனிதன் சரிந்தால்? மலை சொல்லாமல் சரிகிறது. முதுமையோ நாள் குறித்து, தேதி சொல்லி வருகிறது. முன்கூட்டியே தெரிந்த துன்பத்துக்கு முன்கூட்டியே வழி செய்யாதது யார் குற்றம்?

இது கருணை மனுவும் அல்ல. அரசியல் சட்டத்தின் 41-வது பிரிவு, முதுமையிலும் நோயிலும் வேலையின்மையிலும் அரசின் உதவி பெறும் உரிமைக்கு வகை செய்ய வேண்டும் என்கிறது. "பொருளாதாரச் சக்திக்கு உட்பட்டு" என்ற சொற்களும் அதில் உண்டு, மறைக்கவில்லை. அந்தச் சொற்களுக்குப் பின்னால் எத்தனை காலம் ஒளிந்து கொள்வது? அதுதான் நம் கேள்வி.

மற்ற நாட்டில் என்ன நடந்தது? 1915-ல் பிரிட்டனின் கிளாஸ்கோ நகரில், யுத்த காலத்தைச் சாக்கிட்டு வீட்டுக்காரர்கள் வாடகையை ஏற்றினார்கள். மேரி பார்பர் போன்ற தொழிலாளர் வீட்டுப் பெண்கள் வாடகை கொடுக்க மறுத்தார்கள். கப்பல் கட்டும் தொழிலாளர் அவர்களுக்குத் துணையாகத் திரண்டார்கள். அந்த ஆண்டே வாடகையை யுத்தத்துக்கு முந்திய அளவில் கட்டி நிறுத்தும் சட்டம் வந்தது. அதோடு நிற்கவில்லை. ஓய்வூதிய வயதை எட்டிய குறைந்த வருமானக்காரர் வாடகைக்கு உதவி கோரும் முறை இன்று அந்த நாட்டில் உண்டு.

கோடீஸ்வரர்களின் நாடாகிய அமெரிக்காவைப் பாருங்கள். ஏழை முதியோருக்கு வீடு கட்டும் திட்டத்தை 1959-ல் சட்டமாக்கினார்கள். அரசாங்கக் குடியிருப்பில் இருப்பவர் தம் வருமானத்தில் நாலில் ஒரு பங்குக்கு மேல் வாடகை தர வேண்டாம் என்று 1969-ல் எட்வர்ட் புரூக் என்ற கறுப்பின செனட்டர் திருத்தம் கொண்டு வந்தார். 1981-ல் அந்தக் கால் பங்கை நூற்றுக்கு முப்பது ஆக்கினார்கள். தனியார் வீட்டில் குடியிருப்பவருக்கும் மீதி வாடகையை அரசே கட்டும் முறை 1974 முதல் உண்டு. ஆனால் அங்கே ஒரு பெரும் ஓட்டை! தகுதி உள்ள எல்லோருக்கும் கொடுத்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஒதுக்கிய பணம் தீர்ந்தால் கதவு மூடிவிடும். தகுதியுள்ள குடும்பங்களில் ஏறக்குறைய நாலில் ஒன்றுக்குத்தான் உதவி கிடைக்கிறது. மற்ற மூன்றும் ஆண்டுக் கணக்கில் காத்திருக்கின்றன. எழுபது வயதுக்காரருக்கு "பத்து ஆண்டு பொறு" என்றால் அதற்கு என்ன பொருள்?

இந்தப் பாடத்தை நாம் மறக்கக் கூடாது. வாடகை உதவி லாட்டரிச் சீட்டாக இருக்கக் கூடாது. தகுதி இருந்தால் கிடைத்தே தீரும் உரிமையாக இருக்க வேண்டும்.

"பெற்ற பிள்ளை பார்க்க மாட்டானா?" என்று சிலர் கேட்பார்கள். பிள்ளை யார்? அவனும் கூலிக்காரன்தானே! அவனும் ஒற்றை அறையில் மனைவி மக்களோடு நெருக்கியடித்துக் கிடக்கிறான். அவன் பாசத்தில் குறைவில்லை. அவன் அறையில் இடமில்லை.

"முதியோர் இல்லம் இருக்கிறதே!" என்பார்கள். 2007-ல் வந்த முதியோர் பராமரிப்புச் சட்டம் மாவட்டத்துக்கு ஒன்றாவது, 150 பேர் தங்கும்படி அமைக்கலாம் என்கிறது. ஒரு மாவட்டத்துக்கு 150 படுக்கை! மேலும், ஆதரவற்றவருக்கு இல்லம் வேண்டும். ஆனால் தன் அடுப்பில் தான் சமைத்துத் தன் தெருவில் வாழ விரும்புகிறவரை ஏன் இல்லத்துக்கு அனுப்ப வேண்டும்?

"ஊருக்கு வெளியே அடுக்குமாடி வீடு தருகிறோம்" என்பார்கள். கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் போனவர்களைக் கேளுங்கள். வடசென்னைக் கிழவிக்குப் பழகிய ஸ்டான்லி ஆஸ்பத்திரி எங்கே, பெரும்பாக்கம் எங்கே? வாடகை உதவி கிடைத்தால் அவர் இருக்கும் தெருவிலேயே இருப்பார். அவசரத்துக்கு அண்டை வீட்டார் ஓடி வருவார்கள்.

"உதவி கொடுத்தால் வீட்டுக்காரர் வாடகையை ஏற்றுவாரே!" இது நியாயமான கேள்வி. 1960-ஆம் ஆண்டுச் சட்டத்தில் நியாய வாடகை நிர்ணயிக்கக் கேட்கும் வழி இருந்தது. 2019 பிப்ரவரி 22-ல் நடைமுறைக்கு வந்த புதுச் சட்டம் அதை அகற்றியது. வாடகை இனி இரு தரப்பு ஒப்பந்தப்படி என்றது. எழுபது வயதுக் கிழவியும் நான்கு வீட்டுச் சொந்தக்காரரும் சரிசமமாக உட்கார்ந்து ஒப்பந்தம் பேசுவார்களாம்! ஆகவே உதவியோடு உச்சவரம்பும் வேண்டும். அந்தந்த வட்டாரத்துக்கு இவ்வளவுதான் வாடகை என்று அளவு வைத்து, அதற்குள் இருக்கும் வீட்டுக்கே உதவி என்று சொல்ல வேண்டும்.

நம் கோரிக்கை தெளிவானது. சொந்த வீடில்லாத ஏழை முதியவர் தம் வருமானத்தில் கால் பங்குக்கு மேல் வாடகை தரக் கூடாது. கணவருக்கு ஓய்வூதியம் 1,000. மனைவிக்குக் கூலி 3,000. வாடகை 4,000 என்றால், அவர்கள் 1,000 தரட்டும். மீதி 3,000 சர்க்கார் தரட்டும். பணம் முதியவர் கணக்குக்கே வரட்டும். அட்வான்ஸுக்கு அரசு ஜாமீன் நிற்கட்டும். ஒரே நாளில் எல்லோருக்கும் முடியாதென்றால் தனித்து வாழும் விதவைகளிலிருந்தும், மாநகராட்சிப் பகுதிகளிலிருந்தும் தொடங்கட்டும். ஆனால் தொடங்கட்டும்!

தோழர்களுக்கு ஒரு வேலை உண்டு. மேடையில் முழங்கினால் மட்டும் போதாது. இந்த வாரமே உங்கள் வட்டத்தில் தெருத் தெருவாகச் செல்லுங்கள். வாடகைக்கு இருக்கும் முதியவர் எத்தனை பேர், வருமானம் என்ன, வாடகை என்ன என்று எழுதி வாருங்கள். அந்தப் பட்டியலைக் கிளைக் கூட்டத்தில் படியுங்கள். சட்டமன்ற உறுப்பினர் எந்தக் கட்சிக்காரராயினும், நம் கட்சிக்காரரேயாயினும், அவர் கையில் கொடுங்கள். பெரம்பூர் ஆலைகளைச் சுற்றித்தான் 1918-ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. அந்த ஆலைகளின் சங்கு ஓய்ந்துவிட்டது. அதைக் கேட்டு எழுந்து ஓடியவர்கள் இன்னும் அந்தத் தெருக்களில் இருக்கிறார்கள், வாடகை வீட்டில்!

நாளை நமக்கும் அறுபது வயதாகும். முதல் தேதி வரும். அன்று வாசலில் யாராவது வந்து நிற்கும்போது நம் தலை குனியக் கூடாதென்றால், இன்று அந்தப் பெரியவரின் தலை நிமிர நாம் குரல் கொடுக்க வேண்டும்.