மலையை அறிந்தவனுக்கு நிலம் எங்கே?

நகரத்தில் படித்து, உத்தியோகம் பார்த்துக் களைத்தவர்கள் சிலர், காட்டோரம் நிலம் வாங்கி, தாமே பயிர் செய்து வாழக் கற்றுக்கொள்ள விரும்புகிறார்கள். ஏற்காடு மலையும் அவர்கள் கண்ணில் படுகிறது. இந்த ஆசையை நாம் பரிகசிக்கவில்லை. மண்ணைத் தொட விரும்புகிறவன் நமக்கு விரோதியல்ல. ஆனால் ஒன்று கேட்கிறோம்: காட்டில் பயிர் செய்யத் தெரிந்தவன் கரடியூரிலும் அதைச் சுற்றிய ஊர்களிலும் தலைமுறை தலைமுறையாக இருக்கிறானே, அவனுக்கு நிலம் எங்கே?

சேர்வராயன் மலையின் மலையாளிப் பழங்குடி மக்கள் எந்தக் கல்லூரியிலும் விவசாயம் படித்தவர்களல்ல. ஏர் போகும் இடம் உழவுக்காடு, ஏர் போகாத சரிவு கொத்துக்காடு என்று நிலத்தைப் பிரித்தறிந்தவர்கள். சாமையும் கேழ்வரகும் விதைப்பார்கள். ஊடே அவரையும் துவரையும் போடுவார்கள். ஒன்று பொய்த்தால் மற்றொன்று கஞ்சி வார்க்கும். விதையை விலைக்கு வாங்காமல் வீட்டிலேயே காத்தார்கள்.

இந்த அறிவு ஏன் மங்குகிறது? மக்கள் சோம்பேறிகளானதாலா? இல்லை. 1820-களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் இம்மலையில் காப்பியைக் கொண்டுவந்தார். எஸ்டேட்டுகள் எழுந்தன. 1882-ல் மதராஸ் வனச் சட்டம் வந்தது. மலையின் பிள்ளை எஸ்டேட்டில் கூலியானான், காட்டில் குற்றவாளியானான். வெள்ளைக்காரன் போன பிறகும் அந்தச் சட்டத்தின் மனோபாவம் போகவில்லை. 1992-ல் தர்மபுரி ஜில்லா வாச்சாத்தியில் நடந்த கொடுமையை நாடு அறியும். 2011-ல் வனம், போலீஸ், வருவாய் இலாகாக்களைச் சேர்ந்த 215 பேர் தண்டனை பெற்றனர். 2023-ல் ஹைகோர்ட் அதை உறுதி செய்தது. நீதி கிடைக்க எத்தனை வருஷங்கள்!

நிலமில்லாத மலைவாசி எங்கே போவான்? 2015 ஏப்ரல் 7-ந் தேதி ஆந்திராவின் சேஷாசலம் காட்டில் சுட்டுக் கொல்லப்பட்ட 20 தமிழகத் தொழிலாளர்களில் மலையாளிப் பழங்குடியினரும் இருந்தனர். செம்மர வியாபாரி கொழுத்தான். கூலிக்கு மரம் வெட்டப் போனவன் பிணமானான்.

2006-ல் வன உரிமைச் சட்டம் நிறைவேறியது. இடதுசாரிகளும் பழங்குடி இயக்கங்களும் போராடிப் பெற்ற சட்டம் அது. 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்தே காட்டு நிலத்தில் பயிர் செய்துவரும் பழங்குடிக் குடும்பத்துக்கு 4 ஹெக்டேர் வரை உரிமை உண்டு. கணவன், மனைவி இருவர் பெயரிலும் பட்டா. பிள்ளைகளுக்குப் போகும், விற்க முடியாது. ஆகவே பணக்காரன் அதை விலைபேச முடியாது. மனுவைப் பெற்று முதல் முடிவு செய்வது கிராம சபை. விசாரணை முடியும்வரை வெளியேற்றக் கூடாது. ஊர்ப் பெரியவர்களின் எழுத்துமூலமான வாக்குமூலமும் சான்றாகும்.

தமிழ்நாட்டில் 2008-ல் ஹைகோர்ட் உத்தரவால் பட்டா வழங்குவது முடங்கியது. 2016-ல்தான் சுப்ரீம் கோர்ட்டில் அந்தத் தடை நீங்கியது. தடை நீங்கியும் வேகம் வரவில்லையென்றால், குற்றம் கோர்ட்டினுடையதல்ல, சர்க்காருடையது.

நம் குறையையும் ஒப்புக்கொள்வோம். சட்டத்தைக் கொண்டுவரப் போராடிய வேகத்தில், அதைக் குடிசைக்குக் குடிசை கொண்டுபோய் விளக்கவில்லை. பட்டா மட்டும் போதாது என்பதையும் உரக்கச் சொல்லவில்லை. சாமையை உரலில் குத்திக் குத்திப் பெண்களின் கை ஓய்ந்துபோகிறது. கொல்லிமலையில் சாமை விளைந்த நிலங்கள் பல, சேகோ ஆலைக்கான மரவள்ளிக்கு மாறின. அங்கே சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் ஊர்களில் உமி நீக்கும் சிறு இயந்திரங்களை நிறுவியது. சேர்வராயன் மலைக்கும் அது வேண்டாமா?

சர்க்காரை வற்புறுத்துகிறோம்:

1. ஒவ்வொரு மலைக் கிராமத்திலும் கிராம சபையைக் கூட்டி, நிலுவை மனுக்களைத் தாமதமின்றி முடிவு செய்க.

2. சிறுதானியத்தை நியாய விலைக்குக் கொள்முதல் செய்து, மலையின் ரேஷன் கடைகளிலேயே வழங்குக.

3. உமி நீக்கும் இயந்திரங்களைப் பெண்கள் குழுக்களின் பொறுப்பில் அமைத்திடுக.

நகரத்து நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. காட்டில் பயிர் செய்யக் கற்க வருகிறீர்களா? வாருங்கள். ஆசான் இங்கேயே இருக்கிறான். அவன் நிலத்தை விலைக்குக் கேட்காதீர்கள்; அவன் உரிமை மனுவுக்குத் துணை நில்லுங்கள்.

உழுபவனுக்கே நிலம் என்றோம். கொத்துபவனுக்கே கொத்துக்காடு என்றும் சொல்வோம்!