உண்ணாத பாம்பு

அண்மையில் குறிகட்டுவான் துறையில் படகேறி, நயினாதீவு நாகபூஷணி அம்மனைத் தரிசிக்கச் சென்றிருந்தோம். தரிசனம் முடிந்தபின் அவ்வூர் நண்பரொருவரின் இல்லத்தில் மதிய போசனம். இலை போட்டு எல்லோரும் அமர்ந்தும், அவ்வீட்டுப் பேரனை மட்டும் காணவில்லை.

"தான் வளர்க்கும் பாம்பு சாப்பிட்டால்தான் தானும் சாப்பிடுவானாம்" என்றார் ஆச்சி. நகைச்சுவையாகச் சொல்ல முயன்றாரேனும், முகத்தில் கவலை தெரிந்தது.

எழுந்து கோடிப்புறம் சென்று பார்த்தோம். வேலியோரத்தில் கம்பிவலை மூடியிட்ட மரப்பெட்டி ஒன்று. அதனுள் மெலிந்ததோர் இளஞ்சாரை. பக்கத்தில் 13 வயதுச் சிறுவன் குந்தியிருந்தான்.

"17 நாளாயிற்று, ஐயா. தவளை பிடித்துப் போட்டேன், சுண்டெலி போட்டேன், ஆச்சி பாலும் வைத்தார். ஒன்றையும் தொடவில்லை. செத்துப்போகுமா?"

அவன் கண்கள் கலங்கியிருந்தன. பாம்பென்றால் தடியெடுக்கும் இவ்வுலகில், பாம்புக்காக அழும் பிள்ளையைக் கண்டு நாம் மகிழ்ந்தோம். எனினும் அன்பு மட்டும் போதாது. அன்பு செலுத்தப்படும் உயிரின் இயல்பையும் அறிந்திருத்தல் வேண்டும்.

முதலில் பாலைப் பற்றிச் சொன்னோம். பாம்பு, குட்டிக்குப் பாலூட்டும் இனத்தைச் சேர்ந்ததன்று. பாலைச் செரிக்கும் ஆற்றல் அதன் வயிற்றுக்கு இல்லை. இந்தியாவில் நாகபஞ்சமி நாளிலே பாம்பாட்டியின் கூடையிலுள்ள நாகம் பாலருந்துவதைக் கண்டவர் பலர். பல நாள் தண்ணீர் காட்டாது வாட்டப்பட்ட பிராணி, தாகத்தினால் எந்த நீர்மத்தையும் குடிக்கும், அவ்வளவே. அதனை நாம் பக்தியென்று எண்ணுகிறோம். அப்பாலினாலேயே பின்னர் நோயுற்று மடிகின்ற பாம்புகள் பல.

"அப்படியானால் இத்தனை நாளும் பட்டினி கிடந்து எப்படி உயிரோடிருக்கிறது?" என்று கேட்டான் சிறுவன்.

நல்ல கேள்வி. நாம் உண்ணும் உணவிற் பெரும்பகுதி நம் உடலைச் சூடாக வைத்திருப்பதற்கே செலவாகின்றது. பாம்போ வெயிலிலிருந்தும் மண்ணிலிருந்தும் சூட்டைப் பெறுகின்றது. ஆகையால் அதற்குச் சிறிதளவு உணவே போதும். உணவு கிட்டாத காலத்தில் அச்சிறிய செலவையும் அது குறைத்துக்கொள்ளும். அமெரிக்காவின் ஆர்க்கன்சா பல்கலைக்கழகத்திலே பாம்புகளைச் சுமார் 6 மாதம் உணவின்றி வைத்து ஆராய்ந்தார்கள். அவற்றுட் சில, தம் உடலின் சக்திச் செலவை 72 சதவீதம் வரை குறைத்துக்கொண்டமை 2007ஆம் ஆண்டில் வெளியான அவ்வாய்வினால் தெரியவந்தது.

ஆயினும் பட்டினியைத் தாங்கும் பிராணியைப் பட்டினி போடலாமென்பது இதன் பொருளன்று. பாம்பு உண்ண மறுப்பதற்குக் காரணங்கள் உண்டு. சட்டை கழற்றும் காலம் நெருங்கினால் அதன் கண்கள் பால்படிந்தாற்போல் மங்கும்; அப்பொழுது பெரும்பாலும் இரை தேடாது. உடலிற் போதிய சூடு இல்லாவிடினும் உண்ணாது; ஏனெனில், சூடின்றி விழுங்கிய இரை செரியாது. இரை அளவில் ஒவ்வாததாயினும் தொடாது. இவை எல்லாவற்றையும்விடப் பெரிய காரணம் ஒன்றுண்டு. அது பயம்.

"நீ ஒரு நாளில் எத்தனை தடவை மூடியைத் திறந்து பார்ப்பாய், தம்பி?"

"மணிக்கொரு தரம், ஐயா. கையிலும் எடுத்துப் பார்ப்பேன்."

பெட்டியில் ஒளிந்துகொள்ள ஓர் ஓட்டுத் துண்டுகூட இல்லை. நாற்புறமும் வெளிச்சம், மேலே ஒரு பெரிய முகம், ஓயாது வந்து தூக்கும் ஒரு கை. சிறுவனுக்கு அது தன் கை. பாம்புக்கோ அது பருந்தின் கால். தான் இரையாகப் போவதாக அஞ்சும் உயிர் இரையை நாடுமா? உயிருள்ள எலியை உள்ளே விட்டதும் தவறு. பசியற்ற பாம்பை எலி கடித்துக் குதறுவதுண்டு. வாயைப் பிளந்து இரையைத் திணிப்பது இன்னும் பெரிய கொடுமை; தொண்டை கிழிந்து இறந்துபோகவும் கூடும்.

பிடித்த பாம்பை விடுவித்தலே சிறப்பு என்பதற்குத் தமிழகத்தில் ஓர் உதாரணம் உண்டு. இருளர் என்னும் மக்கள் பாம்பு பிடிப்பதில் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தவர்கள். முன்னர் பாம்புத் தோல் வியாபாரத்தால் வாழ்ந்த அவர்கள், 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ச் சட்டத்துக்குப்பின் அத்தொழிலை இழந்தனர். 1978இல் சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் அவர்களுக்கெனக் கூட்டுறவுச் சங்கமொன்று உருவாயிற்று. அங்கே நாகம், விரியன் முதலியவற்றைப் பிடித்து மட்பானைகளில் சில வாரங்களே வைத்திருக்கின்றனர். சில முறை நஞ்சு எடுத்தபின் மீண்டும் காட்டிலே விட்டுவிடுகின்றனர். அந்த நஞ்சு இந்தியாவிலே பாம்புக்கடி மருந்து தயாரிக்கப் பயன்படுகின்றது. நமது நாட்டு வைத்தியசாலைகளில் வழங்கும் மருந்தும் இந்தியாவிலிருந்தே வருகின்றது. பாம்பால் பிழைப்பவர்களே அதனை நெடுநாள் அடைத்து வைப்பதில்லை என்றால், நாம் அடைத்து வைப்பானேன்?

சிறுவன் நெடுநேரம் பேசாதிருந்தான். அவனுக்கு வழிகாட்டியவர் நாமல்லர், ஆச்சியே.

"மேனே, அம்மனுக்குப் பூக்கொண்டு வந்த நாகத்தின் கதை உனக்குத் தெரியுந்தானே?" என்றார்.

அக்கதையை அறியாதவர் தீவகத்தில் இல்லை. புளியந்தீவிலிருந்து வாயிலே பூவேந்திக் கடல் கடந்து வந்த நாகத்தைக் கருடன் தாக்க வந்ததாம். நாகம் கடலிலிருந்த கல்லொன்றைச் சுற்றிக்கொள்ள, கருடன் வேறொரு கல்லில் காத்திருந்ததாம். அவ்வழியே கப்பலில் வந்த சோழநாட்டு வணிகன் ஒருவன் கருடனிடம் மன்றாடி நாகத்தை விடுவித்தானாம்.

"அந்த வணிகன் நாகத்தைப் பிடித்துக் கப்பலில் ஏற்றவில்லை. அதன் வழியில் போகவிட்டான். அதனால்தான் பூ அம்மனிடம் போய்ச் சேர்ந்தது" என்றார் ஆச்சி.

நாம் நூல்களிலிருந்து திரட்டிச் சொன்ன நியாயங்களெல்லாம் அந்த மூன்று வாக்கியங்களுக்கு ஈடாகவில்லை.

வெயில் சற்றுத் தணிந்ததும் நண்பர் பெட்டியைத் தூக்கிச் சென்று, பிடிபட்ட இடத்திலேயே வடலிகளுக்கிடையில் சரித்துத் திறந்தார். நாமனைவரும் விலகி நின்றோம். சாரை சிறிது நேரம் அசையாதிருந்தது. பின்னர் நாவை நீட்டி மணம் பிடித்து, காய்ந்த ஓலைகளின் கீழே மறைந்தது. சிறுவன் அன்று மூன்று மணிக்குச் சோறுண்டான்.

இதனைப் படிக்கும் மாணவர்களுக்கு ஒரு சொல். பாம்பைப் பிடிக்க முயல வேண்டாம். இளஞ்சாரையென்று எண்ணி நாகக்குட்டியைத் தொட்டால் உயிருக்கே ஆபத்து. வீட்டினுட் பாம்பு வந்தால் பெரியவர்களை அழையுங்கள். பார்க்க ஆசையிருந்தால் தூரத்தில் நின்று பாருங்கள்.

படகேறும்போது சிறுவன் துறைவரை வந்தான்.

"ஐயா, இனி அது சாப்பிட்டதா இல்லையா என்று நான் எப்படி அறிவேன்?"

"உங்கள் வளவில் எலி குறைகிறதா என்று பார், தம்பி. குறைந்தால் அது சாப்பிட்டுவிட்டதென்று அறிந்துகொள்."

முதன்முறையாக அவன் சிரித்தான்.