முதலில் காசு கேட்பது வேலையல்ல

 

ஓய்வு நேரத்தில் வலைப்பூ எழுதும், யூடியூப் தொடங்கும் வலப்பனைப் பிள்ளைகளை நாம் "வீண் வேலை" என்று ஏசுகிறோம். அவசரப்பட வேண்டாம்.

2018 பெப்ரவரியில் கூகுள் ஆட்சென்ஸ் தமிழையும் சேர்த்துக்கொண்டது. தமிழில் எழுதினாலும் விளம்பர வருமானம் உண்டு. ஆனால் 100 டொலர் சேர்ந்தால்தான் பணம் கைக்கு வரும். 18 வயதுக்குக் குறைந்தவருக்குப் பெற்றோரின் கணக்கு வேண்டும். ஆறு மாதம் எழுதியும் ஒரு சதம் வராமல் போகலாம். ஆனாலும் பிள்ளை நாலு வரி ஒழுங்காக எழுதப் பழகியிருக்கும். அது நட்டமல்ல.

நாம் பயப்பட வேண்டியது வேறொன்றுக்கு. "காசு கட்டுங்கள், இரண்டு பேரைச் சேருங்கள், மாதாமாதம் வருமானம்" என்று வட்ஸ்அப்பில் வருவது பிரமிட் திட்டம். இலங்கையின் வங்கிச் சட்டம் அதைத் தடை செய்திருக்கிறது. நடத்துபவர் மட்டுமல்ல, அதற்குப் பிரசாரம் செய்பவரும் குற்றவாளியே. மச்சான் சொன்னார், மாமி சொன்னார் என்று நகையை அடகு வைக்காதீர்கள். தடைசெய்யப்பட்ட திட்டங்களின் பெயர்கள் மத்திய வங்கியின் இணையத்தளத்தில் இருக்கின்றன. அதில் பெயர் இல்லை என்பதற்காக நம்பிவிடவும் வேண்டாம்.

உழைப்பைக் கேட்பது தொழில். முதலில் காசைக் கேட்பது பொறி. இந்த வித்தியாசத்தை நம் பிள்ளைகளுக்கு நாமே சொல்லிக் கொடுப்போம்.