குறுக்குக் கேள்வி இல்லாத மூன்று மணி நேரம்

2024 அமெரிக்க அதிபர் தேர்தலின் வாக்குப்பதிவுக்குப் பதினொரு நாள் இருந்தபோது, ஜோ ரோகனின் பாட்காஸ்டில் டொனால்ட் டிரம்ப் ஏறக்குறைய மூன்று மணி நேரம் பேசிய பதிவு வெளியானது. யூடியூபில் மட்டும் சில நாள்களிலேயே 3 கோடிக்கும் மேற்பட்ட முறை அது பார்க்கப்பட்டது. பேச்சின் நடுவே, வருமான வரியை ஒழித்துவிட்டு இறக்குமதி வரியைக் கொண்டே அரசை நடத்தலாம் என்ற யோசனை எழுந்தது. நிஜமாகத்தான் சொல்கிறீர்களா என்று ரோகன் கேட்டார். ஆமாம், ஏன் கூடாது என்ற டிரம்ப், 1890களின் அதிபர் மெக்கின்லியைப் பற்றிப் பேசத் தொடங்கினார். பேச்சு அப்படியே வேறு பக்கம் போய்விட்டது. அங்கே ஒரு எளிய கணக்கைப் போட்டிருக்கலாம். 2024 நிதியாண்டில் அமெரிக்க அரசுக்குத் தனிநபர் வருமான வரியாக வந்தது சுமார் 2.4 லட்சம் கோடி டாலர். அந்த நாடு ஓராண்டில் இறக்குமதி செய்யும் பொருள்களின் மொத்த மதிப்பு சுமார் 3.3 லட்சம் கோடி டாலர். இரண்டையும் பக்கத்தில் வைத்தால், வந்திறங்கும் ஒவ்வொரு பொருளுக்கும் சராசரியாக 70 சதவீதத்துக்கு மேல் வரி போட வேண்டும். அப்படிப் போட்ட பிறகும் இறக்குமதி ஒரு டாலர்கூடக் குறையாமல் இருக்க வேண்டும். இதைக் கேட்க அரை நிமிடம் போதும். மூன்று மணி நேரத்தில் அந்த அரை நிமிடம் கிடைக்கவில்லை.

அமெரிக்க அரசியலில் இந்த நீண்ட பேட்டிகளுக்கு இப்போது பெரும் மதிப்பு இருக்கிறது. அதற்குக் காரணமும் இருக்கிறது. தொலைக்காட்சி விவாதங்களில் ஒரு பதிலுக்கு இரண்டு நிமிடம்தான் தருகிறார்கள். மாலைச் செய்தியில் வேட்பாளரின் குரல் சில நொடிகள் ஒலித்தால் அதிகம். ஒரு கொள்கையை முழுதாக விளக்க இடமில்லாத ஊடகத்தைப் பார்த்துச் சலித்த மக்கள், வெட்டும் ஒட்டும் இல்லாத மூன்று மணி நேரப் பேச்சை நேர்மையின் அடையாளமாக எடுத்துக்கொண்டார்கள். சலிப்பு நியாயமானதுதான். ஆனால், நேரம் நீண்டால் உண்மை தானாக வெளியே வந்துவிடும் என்று அதிலிருந்து அவர்கள் எடுத்த முடிவு தவறானது. நீளம் என்பது பேசுகிறவருக்குக் கிடைக்கும் வசதி. அதைக் கேட்பவருக்கான கருவியாக மாற்றும் வேலை பேட்டி எடுப்பவருடையது. அந்த வேலை நடக்காத பேட்டி, எத்தனை மணி நேரம் ஓடினாலும், பிரசாரக் கூட்டத்தைத்தான் சேரும்.

நீண்ட பேட்டியின் சிகரம் என்று எல்லோரும் காட்டுவது 1977-இல் பிரிட்டிஷ் தொலைக்காட்சிப் பேட்டியாளர் டேவிட் ஃப்ராஸ்ட், பதவி விலகிய அதிபர் ரிச்சர்ட் நிக்சனுடன் நடத்திய உரையாடல்களை. பன்னிரண்டு நாள்களில் 28 மணி நேரத்துக்கு மேல் பதிவு செய்தார்கள். முதல் ஒளிபரப்பை 4.5 கோடிப் பேர் பார்த்தார்கள். வெளிநாட்டுப் பயணங்களைப் பற்றியும் உலகத் தலைவர்களைப் பற்றியும் நிக்சன் நீளநீளமாகப் பேசிக் கடிகாரத்தைக் கரைத்த கட்டங்கள் அதில் பல உண்டு. முன்னாள் வழக்கறிஞரான அவருக்கு நேரம்தான் ஆயுதம். அவரைப் பதவி விலகவைத்த வாட்டர்கேட் ஊழல் பற்றிய பகுதியில் நிலைமை மாறியதற்குக் காரணம் ஃப்ராஸ்டின் பொறுமை மட்டுமல்ல. அவருடைய ஆய்வுக் குழுவில் இருந்த ஜேம்ஸ் ரெஸ்டன் ஜூனியர், நிக்சனுக்கும் அவருடைய உதவியாளர் சார்லஸ் கோல்சனுக்கும் இடையே நடந்த, அதுவரை யாரும் பெரிதாகக் கவனிக்காத உரையாடல் பதிவுகளை நீதிமன்ற ஆவணங்களிலிருந்து தேடி எடுத்திருந்தார். அந்தத் தாள்களைக் கையில் வைத்துக்கொண்டு ஃப்ராஸ்ட் வாசித்துக் காட்டியபோதுதான் நிக்சன் தடுமாறினார். அந்த 28 மணி நேரத்தில் இன்று வரலாறு நினைவில் வைத்திருப்பது மிகச் சில நிமிடங்களை. அந்த நிமிடங்களின் பின்னால் மாதக்கணக்கான ஆவண வேலை இருந்தது. ஃப்ராஸ்டை உதாரணம் காட்டுகிறவர்கள் இந்த வேலையைத்தான் விட்டுவிடுகிறார்கள்.

அண்மைக் காலத்துச் சான்றுகளும் இதையே சொல்கின்றன. 2020 ஆகஸ்டில் ஒளிபரப்பான, ஆக்சியோஸ் நிருபர் ஜொனாதன் ஸ்வான் டிரம்பிடம் எடுத்த பேட்டி நாற்பது நிமிடத்துக்கும் குறைவுதான். கொரோனா சாவுகளைப் பற்றிக் கேட்டபோது டிரம்ப் அச்சிட்ட வரைபடங்களை எடுத்து நீட்டினார். ஸ்வான் அவற்றை வாங்கிப் பார்த்தார். நீங்கள் காட்டுவது தொற்று கண்டவர்களில் எத்தனை பேர் இறந்தார்கள் என்ற விகிதம், நான் கேட்பது மக்கள்தொகையில் எத்தனை பேர் இறந்தார்கள் என்பது என்று அங்கேயே பிரித்துச் சொன்னார். அப்படியெல்லாம் கணக்கிடக் கூடாது என்றார் அதிபர். புள்ளிவிவரத்தின் அடிப்படை தெரிந்த ஒருவர் எதிரில் இருந்ததால் வந்த பதில் அது. 2024 அக்டோபரில் நியூயார்க் டைம்ஸின் லூலூ கார்சியா-நவாரோ, துணை அதிபர் வேட்பாளர் ஜே.டி. வான்ஸிடம் 2020 தேர்தலில் டிரம்ப் தோற்றாரா என்று ஐந்து முறை கேட்டார். ஐந்து முறையும் வான்ஸ் தொழில்நுட்ப நிறுவனங்களின் தணிக்கையைப் பற்றிப் பேசினாரே தவிர, தோற்றார் என்றோ இல்லை என்றோ சொல்லவில்லை. முதல் மழுப்பலோடு விட்டிருந்தால் அது வெறும் மழுப்பல். ஐந்தாவது முறைக்குப் பிறகு அதுவே பதில் என்று வாசகருக்குத் தெரிந்துவிட்டது. ஜனநாயகக் கட்சிப் பக்கமும் இதே கதைதான். அதிபர் ஜோ பைடன் தன் பதவிக் காலத்தில் நீண்ட பேட்டிகளைப் பெரும்பாலும் தவிர்த்தே வந்தார். 2024 ஜூலை 5-ஆம் தேதி தொலைக்காட்சிச் செய்தியாளர் ஜார்ஜ் ஸ்டெஃபனோபூலஸ் அவரிடம் எடுத்த பேட்டி, வெட்டாமல் ஒளிபரப்பானபோது, 22 நிமிடம்தான் ஓடியது. முந்தைய வாரம் தடுமாறிய விவாதத்தின் பதிவைப் பார்த்தீர்களா என்ற கேள்விக்கு, பார்த்ததாக நினைவில்லை என்ற தொனியில் அவர் சொன்ன பதில் போதுமானதாக இருந்தது.

தவளை தன் வாயால் கெடும், பேசவிட்டாலே போதும் என்று சிலர் வாதிடலாம். இந்த வாதத்தைத் தள்ளிவிட முடியாது. நீண்ட பேச்சில் மனிதர்கள் அசந்துபோவதும் உண்டு. ஆனால், டக்கர் கார்ல்சன் என்ற ஒரே பேட்டியாளரின் இரண்டு நிகழ்ச்சிகளைப் பாருங்கள். 2024 பிப்ரவரியில் அவர் மாஸ்கோ சென்று விளாதிமிர் புதினுடன் இரண்டு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்தார். அதில் ஏறக்குறைய அரை மணி நேரம், ஒன்பதாம் நூற்றாண்டிலிருந்து தொடங்கிய வரலாற்றுப் பாடம். இன்னும் கடுமையான கேள்விகளை எதிர்பார்த்தேன் என்று பிற்பாடு புதினே சொன்னார். இதைவிட மோசமான நற்சான்று ஒரு பேட்டியாளருக்குக் கிடைக்க முடியாது. அதே கார்ல்சன் 2025 ஜூனில் செனட்டர் டெட் குரூஸைப் பேட்டி எடுத்தார். ஈரானில் ஆட்சி மாற வேண்டும் என்று வற்புறுத்தி வந்த குரூஸிடம், ஈரானின் மக்கள்தொகை எவ்வளவு என்று கேட்டார். தெரியாது என்றார் செனட்டர். அந்த நாட்டில் என்னென்ன இனத்தவர் வாழ்கிறார்கள் என்ற அடுத்த கேள்வியிலும் அவரால் வெகுதூரம் போக முடியவில்லை. அந்த வாரம் முடிவதற்குள் அமெரிக்க விமானங்கள் ஈரானின் அணு நிலையங்கள் மீது குண்டு வீசின. இரண்டும் நீண்ட பேட்டிகள், கேட்டவரும் ஒருவரே. ஒன்றில் அவருக்குக் கேள்வி கேட்கும் நோக்கம் இருந்தது, மற்றதில் இல்லை. தவளை தானாகக் கெடவில்லை.

ரோகன் பத்திரிகையாளர் அல்லர், நகைச்சுவைக் கலைஞர். அவரிடம் போய் இதையெல்லாம் எதிர்பார்க்கலாமா என்பது அடுத்த மறுப்பு. அவரும் தன்னைப் பத்திரிகையாளர் என்று சொல்லிக்கொண்டதில்லை. ஆனால், நம் குறை ரோகன் மீது இல்லை, வேட்பாளர்கள் மீதுதான். யாரிடம் பேசுவது என்று அவர்களே தேர்ந்தெடுக்கிறார்கள். கணக்குக் கேட்காத இடமாகப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். கமலா ஹாரிஸ் இளம்பெண்கள் விரும்பிக் கேட்கும் ‘கால் ஹர் டாடி’ நிகழ்ச்சிக்குப் போனதும் அந்தக் கணக்கில்தான். இப்போது இன்னும் ஒரு படி மேலே போய், அரசியல்வாதிகளே பேட்டியாளர்களாகிவிட்டார்கள். கலிஃபோர்னியா ஆளுநர் கேவின் நியூசம் 2025 மார்ச்சில் சொந்தமாக ஒரு பாட்காஸ்டைத் தொடங்கினார். அதில் விருந்தினராக வந்த டிரம்பின் முன்னாள் ஆலோசகர் ஸ்டீவ் பேனன், 2020 தேர்தலில் வென்றது டிரம்ப்தான் என்ற பழைய பொய்யை மறுபடி சொன்னபோது நியூசம் அழுத்தமாக மறுக்காமல் கடந்துபோனார். எதிர்க்கட்சிக்காரரை அழைத்துப் பேசுவது நாகரிகம்தான். அதற்காகப் பொய்யைப் போகவிட வேண்டியதில்லை.

தொலைக்காட்சிக்காரர்கள் வெட்டி ஒட்டுவதைவிட இந்த வெட்டாத பாட்காஸ்ட் பேட்டிகளே மேல் என்பவர்களுக்கு ஒரு நல்ல சான்று கையில் இருக்கிறது. 2024 அக்டோபரில் சிபிஎஸ்ஸின் ‘60 மினிட்ஸ்’ நிகழ்ச்சிக்கு ஹாரிஸ் தந்த பேட்டியில், இஸ்ரேல் பிரதமர் நெதன்யாகு பற்றிய ஒரே பதிலின் ஒரு பகுதி ஒரு நிகழ்ச்சியிலும், வேறொரு பகுதி இன்னொரு நிகழ்ச்சியிலும் ஒளிபரப்பானது. பதிலையே மாற்றிவிட்டார்கள் என்று டிரம்ப் வழக்குப் போட்டார். முழுப் பதிவும் 2025 பிப்ரவரியில் வெளியானபோது, இரண்டும் ஒரே பதிலின் துண்டுகள் என்பது தெரிந்தது. இருந்தும் சிபிஎஸ்ஸின் தாய் நிறுவனமான பாரமவுண்ட், தன் இணைப்புக்கு அரசின் ஒப்புதல் வேண்டியிருந்த நேரத்தில், 2025 ஜூலையில் 1.6 கோடி டாலர் தந்து வழக்கை முடித்துக்கொண்டது. அதே மாதம் ஒப்புதலும் வந்தது. அதிகாரத்தின் முன் ஒரு செய்தி நிறுவனம் இப்படி வளைந்தது வெட்கக்கேடு. ஆனாலும், அந்த உடன்பாட்டில் ஒன்று வரவேற்கத்தக்கது: அதிபர் வேட்பாளர்களுடனான பேட்டிகளின் முழு எழுத்து வடிவத்தை இனி ஒளிபரப்புக்குப் பின் வெளியிட ‘60 மினிட்ஸ்’ ஒப்புக்கொண்டது. யாரும் மிரட்டாமலே எப்போதோ செய்திருக்க வேண்டிய காரியம் அது. சுருக்கி ஒளிபரப்புவது குற்றமில்லை, எதைச் சுருக்கினார்கள் என்பதை மறைப்பதுதான் சந்தேகத்துக்கு இடம் தருகிறது.

கடுமையாகக் கேட்டால் பேட்டியே கிடைக்காது என்ற அச்சமும் வீணானதல்ல. 2020 அக்டோபரில் ‘60 மினிட்ஸ்’ நிருபர் லெஸ்லி ஸ்டால் கேட்ட கேள்விகள் பிடிக்காமல் டிரம்ப் பேட்டியைப் பாதியில் முடித்துக்கொண்டார். 2024-இல் அதே நிகழ்ச்சிக்கு வர மறுத்துவிட்டார். அதனால் அவருக்கு ஒரு நட்டமும் வரவில்லை. இந்தச் சிக்கல் நம் வாசகர்களுக்கும் புதிதல்ல. 2007-இல் தொலைக்காட்சிப் பேட்டியாளர் கரண் தாப்பர் 2002 குஜராத் கலவரத்தைப் பற்றிக் கேட்டபோது, அன்றைய முதலமைச்சர் நரேந்திர மோடி சுமார் மூன்று நிமிடத்தில் மைக்கைக் கழற்றிவிட்டு எழுந்தார். 2025 மார்ச்சில் அமெரிக்கப் பாட்காஸ்ட்காரர் லெக்ஸ் ஃபிரிட்மனுடன் அவர் மூன்று மணி நேரத்துக்கு மேல் பேசினார். அங்கும் 2002 பற்றிய கேள்வி வந்தது. நீண்ட விளக்கமும் வந்தது. குறுக்குக் கேள்விதான் வரவில்லை. எழுந்துபோக ஒரு காரணமும் இல்லாததால் உரையாடல் சுமுகமாக நடந்தது.

இதற்குச் சட்டம் போட முடியாது, போடவும் கூடாது. யாரோடு பேசுவது என்பதை அரசு தீர்மானிக்கத் தொடங்கினால் அமெரிக்க அரசமைப்பின் முதல் திருத்தத்துக்கு மதிப்பில்லாமல் போய்விடும். செய்ய வேண்டியவர்கள் ஊடகத்தாரும் நேயர்களும்தான். 2028-இல் அதிபராக வர நினைக்கும் ஒவ்வொருவரும், தான் தேர்ந்தெடுக்காத ஒரு பேட்டியாளர் முன், நிபந்தனையின்றி ஒரு மணி நேரமாவது உட்கார வேண்டும் என்ற கோரிக்கையை எல்லாச் செய்தி நிறுவனங்களும் சேர்ந்து இப்போதே வைக்க வேண்டும். மறுக்கிறவர்களின் பெயரைத் தேர்தல் வரை விடாமல் எழுத வேண்டும். கோடிக்கணக்கான நேயர்களை வைத்திருக்கும் பாட்காஸ்ட்காரர்கள், வேட்பாளரை அழைக்கும் வாரத்திலாவது ஆவணம் தேடித் தர இரண்டு பேரைச் சம்பளத்துக்கு வைத்துக்கொள்ளட்டும். அவர்களுடைய வருமானத்தில் அது பெரிய செலவல்ல.